முதிர்ந்த வயதிற் பயில்வோர்க்குப் பொருளுதவி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியைக் கேளாதார் நம்மில் இலர். சிறுவரைக் காலத்தே பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோர்க்கு அறிவுறுத்த எழுந்த அப்பழமொழி, நாளடைவில், வாய்ப்பின்றி வளர்ந்துவிட்டாரை நோக்கி "உமக்கு இனிக் கல்வி எதற்கு?" என்று வாயடைக்கும் பூட்டாக மாறிவிட்டது. இளமையிலே தந்தையை இழந்து கடையிற் கணக்கெழுதப் போனவரும், மணம் முடிந்ததும் படிப்பை நிறுத்திய பெண்ணும், தம்பி தங்கையரைக் கரையேற்றத் தன் கல்லூரிக் கனவைக் கைவிட்ட தமையனும் நம் வீடுகளில் இல்லையா? அவர்கள் முப்பதிலோ நாற்பதிலோ மீண்டும் நூலெடுக்க விரும்பினால் அவர்க்கு உதவுதல் தகுமா, தகுமெனின் எவ்வாறு உதவுவது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை வெறும் வாதத்தால் நிறுவ யான் முயலவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடு இதனைப் பேரளவிற் செய்து பார்த்திருக்கிறது. அதன் வரலாற்றினின்று நாம் கொள்ளத் தக்கனவும் தள்ளத் தக்கனவும் உள.

முதல் உலக யுத்தத்திற் பணிசெய்து திரும்பிய அந்நாட்டு வீரர்க்கு ஒரு வெகுமதித் தொகையை 1945-ஆம் ஆண்டிற் கொடுப்பதாகச் சட்டசபை 1924-இல் வாக்களித்தது. இடையே வியாபாரம் வீழ்ந்து வேலையிழந்த அவ்வீரர்கள், அத்தொகையை முன்னதாகவே தரவேண்டுமென்று 1932-இல் மனைவி மக்களுடன் வாஷிங்டன் நகரை அடைந்து குடிசையிட்டுத் தங்கினர். சர்க்காரோ பட்டாளத்தை ஏவி அவர்களை வெளியேற்றியது. அவ்விழிவு மறுமுறை நேரலாகாதென்னும் கவலையும் ஒரு காரணமாக, இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்னரே, 1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், வீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின்படி, 90 நாளேனும் படையில் இருந்து இழுக்கின்றி விலகியவர், தாம் பணிசெய்த காலத்துக்கேற்ப நான்காண்டு வரை பயிலலாம். ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரை பள்ளிச் சம்பளத்தையும் புத்தகச் செலவையும் சர்க்கார் நேரே கல்விச்சாலைக்குச் செலுத்தியது. அதனோடு நில்லாது, தனியர்க்கு மாதம் 50 டாலரும் குடும்பமுடையார்க்கு 75 டாலரும் ஜீவனத்துக்கென்று கொடுத்தது. விலைவாசி ஏறியபோது அத்தொகை முறையே 65, 90 ஆக 1945 இறுதியில் உயர்த்தப்பட்டது. 1948-இல் தனியர்க்கு 75 டாலர், சார்ந்தோர் ஒருவரை உடையார்க்கு 105, அதற்கு மேற்பட்டோரை உடையார்க்கு 120 என மீண்டும் உயர்ந்தது.

அன்பர்களே! இவ்விரண்டாவது உதவியையே நீங்கள் ஊன்றி நோக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சிறுவன் பயிலுங்கால் அவனுக்குச் சோறிடுவார் தந்தையார். நாற்பது வயதினர் பயிலுங்கால், வீட்டிலுள்ளார்க்குச் சோறிட வேண்டியவரே அவராக இருக்கிறார். அவர் பள்ளிக்குப் போகும் நாழிகை, கூலி இழக்கும் நாழிகை. அவருக்குப் பள்ளிச் சம்பளத்தை மட்டும் கட்டிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருத்தல், விதையைக் கொடுத்துவிட்டு உழுமாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதை ஒக்கும்.

இச்சட்டத்தை எதிர்த்தோர் அறியாதாரல்லர். சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸும், ஹார்வர்டு சர்வகலாசாலைத் தலைவர் கோனன்டும், தகுதியறியாது யாவரையும் சேர்த்தால் கல்வியின் தரம் தாழ்ந்துவிடுமென்று அஞ்சினர். நடந்தது யாது? மனைவி மக்களுடன் தற்காலிகக் கொட்டகைகளில் வாழ்ந்துகொண்டே பயின்ற அவ்வீரர்கள், இளைய மாணாக்கர்க்குப் பின்தங்கவில்லை. தேர்வுகளிற் சற்று முந்தியே நின்றனர். அவர்களினும் முதிர்ச்சியும் நம்பிக்கையும் உடைய மாணாக்கரை ஹார்வர்டு கண்டதில்லையென்று கோனன்டே பின்னர் ஒப்புக்கொண்டார். காலத்தின் அருமையைப் பசியால் அறிந்தவன் வகுப்பில் உறங்குவானோ?

தொடக்கத்தில் அச்சட்டத்திலும் வயதுத் தடை ஒன்று இருந்தது. படையிற் சேரும்போது 25 வயதைக் கடந்திருந்தவர், பணியினால் தம் கல்வி தடைப்பட்டதென்று காட்டினாலன்றி நெடுங்காலக் கல்விக்கு உதவி பெறார் என்பதே அது. ஈராண்டுகூட அது நிலைக்கவில்லை. 1945 டிசம்பரிற் செய்த திருத்தத்தால் அது நீக்கப்பட்டது.

1947-இல் அந்நாட்டுக் கல்லூரிகளிற் சேர்ந்தாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்வீரர்களே. 1956-இல் திட்டம் முடிந்தபோது கணக்கெடுத்தால், பயன்பெற்றோர் 78 லட்சம் பேர். அவருள் கல்லூரி சென்றவர் 22 லட்சமே. 35 லட்சம் பேர் தொழிற்பள்ளி முதலிய பிற பள்ளிகளிலும், 14 லட்சம் பேர் வேலை செய்யுமிடத்திலும், ஏறக்குறைய 7 லட்சம் பேர் வேளாண்மையிலும் பயிற்சி பெற்றனர். உயர்கல்வி என்றால் பட்டமொன்றே என்று எண்ணும் நமக்கு இக்கணக்கு ஒரு பாடம்.

குறைகளையும் மறைத்தலாகாது. சட்டத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை. ஆயினும் உதவியை வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் அவ்வவ்வூர் அதிகாரிகள் கையில் இருந்தமையால், தென்பகுதிக் கறுப்பின வீரர் பலர் அலைக்கழிக்கப்பட்டனர். வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்க்கென்று இருந்த சிற்சில கல்லூரிகளிலோ இடமில்லை. ஏட்டில் யாவர்க்கும் பொதுவான உதவி, கைக்கு வரும்போது சிலர்க்கே உரியதாயிற்று. படையில் இருந்த பெண்கள் சிலரேயாதலின், பயன்பெற்ற பெண்களும் சிலரே. மேலும், சம்பளம் நேரே பள்ளிக்குச் சென்றமையால், அப்பணத்துக்காகவே திடீரென முளைத்த போலிப் பள்ளிகளும் பல. ஆதலின் 1952-இல் கொரியப் போர் வீரர்க்கு இயற்றிய சட்டத்தில், முழுத்தொகையையும் மாணாக்கர் கையிலேயே மாதந்தோறும் கொடுத்து, சம்பளத்தை அவரே செலுத்துமாறு மாற்றினர்.

இனி நம் இல்லத்துக்கு வருவோம். நம் சங்கத்துக் கல்வி நிதியின் விதிகளை யான் மீண்டும் படித்துப் பார்த்தேன். 25 வயதுக்கு மேற்பட்டார் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாகாது என்னும் வரி அங்கே நிற்கிறது. அதை எழுதிய பெரியோரைக் குறைகூற யான் வரவில்லை. அன்று நிதி சிறிது, சிறுவர் பலர். ஆயின் பெருஞ்செல்வ நாடொன்று எழுதிப் பார்த்து ஈராண்டுக்குள் அடித்த வரியை நாம் ஏன் காத்துவர வேண்டும்?

யான் வேண்டுவன நான்கு. வயதுத் தடையை நீக்குக. நிதியில் ஒரு பங்கை, சிறுபங்காயினும் ஆகுக, முதிர்ந்து பயில்வோர்க்கென்று ஒதுக்குக. அவ்வுதவியைச் சம்பளத்தோடு நிறுத்தாது, குடும்ப ஜீவனத்துக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்குமாகச் சேர்த்து, பயில்வோர் கையிலேயே மாதந்தோறும் கொடுத்து, தேர்ச்சியைக் கண்டு தொடர்க. விண்ணப்பங்களைப் பெயரும் ஊரும் உறவும் நோக்காது ஆராய ஒரு குழுவை அமைத்து, அதிற் பெண்களும் இருக்கச் செய்க. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் செயலாளர் உறவினர்க்குமே உதவி போயிற்று என்னும் சொல் பிறக்குமாயின், நாமும் அத்தென்பகுதி அதிகாரிகளின் வழியிற் சென்றவராவோம்.

"இதனால் சிறுவர் பங்கு குறையாதா?" என்று கேட்பீர்கள். சில காலம் சிறிது குறையலாம். அதை யான் மறுக்கவில்லை. ஆயின் தாய் இரவில் விளக்கருகே அமர்ந்து படிக்கக் காணும் குழந்தைக்கு, படி என்று வேறொருவர் சொல்ல வேண்டுவதில்லை. தாய்க்குக் கொடுத்த உதவி இருவர்க்குக் கொடுத்ததாகும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விதித் திருத்தம் உங்கள் முன் வரும். அன்று கையுயர்த்துமுன், உங்கள் வீட்டில் உங்களுக்காகப் படிப்பை விட்டவர் யாரென்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அவர் முகத்தை மனத்திற்கொண்டு வாக்களியுங்கள்.