கரண்ட்டில் ஓடும் புகைப்பெட்டி: கடன் போட்டு வாங்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியது)



போன கூட்டத்தில் இரண்டு குழுக்களிலிருந்து ஒரே கேள்வி வந்தது. "எலக்ட்ரிக் ஸ்மோக்கர்னு ஒன்னு இருக்காமே, கறியை உள்ளே வச்சு சுவிட்சைப் போட்டா போதுமாம், பார்பிக்யூ தானே ஆயிடுமாம். கடன் போட்டு வாங்கி, விசேஷ வீட்டுக்கு ஆர்டர் எடுக்கலாமா?" என்று கேட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால் அந்தப் பெட்டி என்ன செய்யும், என்ன செய்யாது என்று எல்லாரும் தெரிஞ்சுக்கணும். அதைத்தான் இன்று பேசுகிறோம்.

பெட்டியைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றோம். சின்ன பிரிட்ஜ் மாதிரி கதவு வைத்த இரும்புப் பெட்டி. அடியில் ஹீட்டர் காயில். அதுக்கு மேலே மரச்சில்லு போடும் ஒரு தட்டு, அதுக்கு மேலே ஒரு தண்ணீர்த் தட்டு, அப்புறம் கறி வைக்கும் கம்பித் தட்டுகள். எத்தனை டிகிரி வேணும்னு திருகி வைத்தால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். சூடு கொடுப்பது கரண்ட். மரச்சில்லு கொழுந்து விட்டு எரியாது, கங்கு போலக் கனிந்து புகையும். அது வாசனைக்கு மட்டும்தான். கடைத்தெருவில் கம்பியில் குத்திக் கரி நெருப்பில் சுடுகிறார்களே, அது வேறு வேலை. அது அரை மணியில் ஆகிற காரியம். இதில் 110 முதல் 130 டிகிரி சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடக்கும்போதுதான் ஜவ்வு கரைந்து கறி பூப்போல ஆகும். அதனால் இதற்கு முன்னங்கால், நெஞ்செலும்பு மாதிரி ஜவ்வு உள்ள கறிதான் தோது. விலை கூடிய தொடைக்கறி தேவையில்லை.

கறிக்குப் புகை காட்டுவது நமக்குப் புதுசா? இல்லை. விறகடுப்புக்கு மேலே பரண் இருந்த காலத்தில் உப்புக்கண்டம் அங்கேதான் தொங்கும். கிடா வெட்டு முடிந்தாலும், பக்ரீத் முடிந்தாலும் மிஞ்சிய கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, நாலைந்து நாள் வெயிலில் போட்டு, பிறகு அடுப்புக்கு மேலே கட்டிவிடுவார்கள். மாசக்கணக்கில் கெடாது. அதனால்தான் நம்மில் பலபேருக்கு மனசில் ஒரு எண்ணம் பதிந்து போயிருக்கிறது: புகை பட்ட கறி கெடாது என்று. நாம் இன்று இவ்வளவு நேரம் எடுத்துப் பேசுவதே அந்த எண்ணத்துக்காகத்தான்.

உப்புக்கண்டத்தைக் காப்பாற்றியது முக்கியமாக உப்பும் வெயிலும். இரண்டும் சேர்ந்து கறியில் இருந்த ஈரத்தை எடுத்துவிட்டன. புகை கொஞ்சம் துணை நின்றது, ஈ அண்டாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். ஈரம் என்ன செய்யும் என்று திருவாரூர்காரிக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு 17 சதவீதத்துக்குக் கீழே இறங்குமா என்று கருவியையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாம். குறுவை அறுப்பில் மழை பிடித்தால் நெல் முளைத்துப் போவதைக் கண்ணால் கண்டவர்கள். இந்த ஈர நெல்லை என்ன செய்வது என்ற கேள்விக்காகத்தான் 1967-ல் நம்ம திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து, பெயர் பலமுறை மாறி, இன்று தஞ்சாவூரில் நிப்டெம் என்ற மத்திய அரசின் பெரிய உணவு ஆராய்ச்சி நிறுவனமாக நிற்கிறது.

இப்போது புகைப்பெட்டிக்கு வாங்க. இந்தப் பெட்டி கறியை உலர்த்துவதில்லை. சாறு உள்ளே நிற்க வேண்டும் என்றுதான் தண்ணீர்த் தட்டே வைத்திருக்கிறார்கள். ஆக இதிலிருந்து வெளியே வருவது உப்புக்கண்டம் இல்லை, வெந்த கறி. நேற்று வைத்த கோழிக் குழம்புக்கு என்ன ஆயுசோ அதே ஆயுசுதான் இதுக்கும். பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம், நம்ம சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. "புகை போட்டது, ஒரு வாரம் வச்சுச் சாப்பிடலாம்" என்று சொல்லி யாராவது விற்றால், வாங்கினவர் வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், அந்தக் குழு பத்து வருஷம் கட்டிய பெயர் போய்விடும்.

காற்றுப் புகாத பையில் அடைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்றும் கேட்டார்கள். ஆகாது. காற்றே இல்லாத இடத்தில்தான் வளர்வேன் என்று அடம் பிடிக்கிற ஒரு கிருமி இருக்கிறது, பாட்டுலிசம் என்ற நோயைக் கொடுப்பது. அதன் விஷம் நரம்பையும் மூச்சையும் நிறுத்தக்கூடியது. கெட்ட வாசனைகூட வராமல் இருக்கலாம். பையில் அடைத்தாலும் பிரிட்ஜ் கட்டாயம்.

அப்படியானால் கறி வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பெட்டியைவிட முக்கியமான சாமான் ஒன்று வருகிறது: கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். பெட்டிக் கதவில் காட்டுவது பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு. நமக்கு வேண்டியது கறியின் நடுவில் உள்ள சூடு. எலும்பில் படாமல், தடிப்பான இடத்தில் குத்த வேண்டும். கோழி என்றால் 74 டிகிரி. கொத்துக்கறி 71. ஆட்டுக்கறி முழுத்துண்டு 63 டிகிரி வந்து மூன்று நிமிஷம் நின்றால் போதும் என்பது கணக்கு. ஆனால் நம்ம நாக்குக்கு அது பத்தாது, முன்னங்கால் 90-ஐ நெருங்கினால்தான் எலும்பை விட்டுக் கழன்று வரும். நிறத்தை நம்பவே கூடாது. புகை போட்ட கோழி நன்றாக வெந்த பிறகும் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். கருவி சரியா என்று சந்தேகம் வந்தால் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்க. நம்ம ஊர் கடல்மட்டத்தை ஒட்டியது, 100 காட்ட வேண்டும்.

வேலை முறையையும் சொல்லிவிடுகிறோம். கோழி பிரிட்ஜ் பெட்டியில் உறைந்திருந்தால் முழுசாக உறைநிலை நீங்கிய பிறகுதான் புகைப்பெட்டிக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் மேலே வெந்து நடுவில் பச்சையாக நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு கரைத்து, கோழியை அதில் மூழ்கவிட்டு ராத்திரி பிரிட்ஜில் வைக்கலாம். வெளியே திண்ணையில் ஊற வைக்கும் பழக்கம் இதுக்கு ஆகாது. காலையில் எடுத்துத் துடைத்து, இஞ்சி பூண்டு, மிளகு, மல்லி, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி, பெட்டி சூடான பிறகு உள்ளே வையுங்க. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 120 டிகிரியில் மூன்று மணி நேரம் போல ஆகும். அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கிற சபலம் எல்லாருக்கும் வரும். திறந்தால் சூடு போகும், நேரம் கூடும்.

மரச்சில்லு ஒரு கைப்பிடி போதும். மா, கொய்யா, புளி, பலா இவையெல்லாம் நல்லது. காய்ந்ததாக இருக்க வேண்டும். மெல்லிசாக, லேசான நீலமாகப் புகை வந்தால் சரி. கெட்டியாக வெள்ளையாகக் கிளம்பினால் கறி கசந்துவிடும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பார்சல் பெட்டிப் பலகை எதுவும் கூடாது. அரளி, எட்டி இரண்டும் விஷம், பக்கத்திலேயே சேர்க்காதீங்க. முத்துப்பேட்டைப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்றோம்: அலையாத்திக் காட்டில் இருக்கும் தில்லை மரத்தின் பால் கண்ணைப் பறிக்கும், அதன் புகையும் கண்ணுக்கு ஆகாது. அந்தக் காட்டில் எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

கரண்ட் விஷயம். வீட்டு அளவுப் பெட்டி சுமார் 800 வாட் எடுக்கும். ஐந்து மணி நேரம் விடாமல் எரிந்தாலும் நாலு யூனிட்தான். செலவு பயப்படும்படி இல்லை. ஆனால் ஆர்டர் எடுத்து விற்பதென்றால் வீட்டு இணைப்பில் ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்க. எர்த் உள்ள பவர் பிளக்கில் நேராகச் செருகணும், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பார்சலில் அனுப்பினான் என்று இங்கே செருகிவிடாதீங்க. அங்கே 120 வோல்ட், இங்கே 230. போட்ட வேகத்தில் கருகிவிடும். பாதியில் கரண்ட் போனால் வரும் வரைக்கும் காத்திருக்கிற வேலையே கூடாது. உடனே எடுத்துக் குக்கரிலோ அண்டாவிலோ போட்டு கேஸ் அடுப்பில் வேகவைத்துவிடணும். வெதுவெதுப்பில் கிடக்கும் கறிதான் கிருமிக்கு விருந்து.

கரண்ட் பெட்டிதானே, அடுக்களையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீங்க. மரம் புகைந்தால் கரண்ட் பெட்டியிலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது. கொல்லையில், திறந்த வெளியில், மழை படாத இடத்தில் வையுங்க. கீற்றுக் கொட்டகைக்குக் கீழே மட்டும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் சமையல் கூடத்து நெருப்பு கீற்றில் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டு போனதை நாம் மறக்கவில்லை.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லணும். புகையில் வரும் சில பொருள்கள் புற்றுநோய் தரக்கூடியவை. கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையில் அவை அதிகம். இந்தப் பெட்டியில் இடையில் தண்ணீர்த் தட்டு இருப்பதால் அது குறையும், இல்லாமல் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல், புகை போட்டும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தியது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. விசேஷத்துக்கு ஒருநாள் சாப்பிடலாம், வாரம் நாலு நாள் பிள்ளைகளுக்கு வேண்டாம். சமைக்கிற நம்ம நெஞ்சையும் நினைக்கணும். விறகுப் புகையிலிருந்து இப்போதுதான் கேஸுக்கு வந்திருக்கிறோம்.

இங்கே கானா நாட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அக்ரா நகரத்தை ஒட்டிய சோர்கோர் என்ற மீனவர் குடியிருப்பில் மீனுக்குப் புகை போட்டு விற்பது பெண்கள் தொழில். பழைய வட்ட அடுப்பில் விறகு நிறைய பிடிக்கும், கையும் கண்ணும் வேகும், மீனை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். 1970-ஐ ஒட்டி அந்தப் பெண்களும், அந்நாட்டு உணவு ஆராய்ச்சி நிறுவனமும், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து ஒரு நீள்சதுர அடுப்பை உருவாக்கினார்கள். மண் சுவர், மேலே வலை அடித்த மரச்சட்டங்கள் அடுக்கடுக்காக. அடுக்கே புகைபோக்கியாகிவிட்டது. விறகு குறைந்தது, ஒரே நேரத்தில் ஏறும் மீன் கூடியது. சோர்கோர் அடுப்பு என்ற பெயரில் அது பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனது. புகையின் கெடுதலை இன்னும் குறைக்க 2008-ல் செனகல் நாட்டில் அதை மேலும் திருத்தினார்கள். கரண்ட்டே இல்லாமல் நடந்த காரியம் இது. பயன்படுத்துகிற பெண்ணைக் கேட்டுச் செய்த சாமான் என்பதால் ஊரூராகப் போனது. நம்ம கையில் வருவதோ எங்கேயோ, யாருக்கோ செய்த பெட்டி. நமக்கு ஒத்துவருமா என்று நாம்தான் ஓட்டிப் பார்க்கணும்.

இனி கடன். ஒரு வீட்டுப் பெட்டியில் ஒரு தடவைக்கு நாலைந்து கோழி வைக்கலாம். மூன்று மணி நேரம், ஆறவைத்துச் சுத்தம் செய்வது தனி. நூறு பேர் விருந்துக்கு இது பத்தாது. ஒரு கிலோ கறி வைத்தால் முக்கால் கிலோ, சில சமயம் அதற்கும் குறைவாகத்தான் வரும். விலை போடும்போது பலர் இதை மறந்து கைநஷ்டம் அடைவார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் விற்கவும் கூடாது. இதையெல்லாம் பார்த்து எங்கள் கருத்தைச் சொல்கிறோம்: இப்போதைக்குத் தனித்தனி உறுப்பினருக்கு இதற்கென்று உள்கடன் கொடுக்க வேண்டாம். இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, ஆறு மாசம் சொந்த வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் ஓட்டி, கறி, சில்லு, கரண்ட், கூலி, கழிந்த எடை எல்லாத்தையும் நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டோடு வந்தால் சுழல் நிதியிலிருந்து கேட்கலாம். கேட்கிற முன்னாடி தஞ்சாவூர் நிப்டெம், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் இதுக்குப் பயிற்சி உண்டா என்று விசாரிச்சுட்டு வாங்க. பெரும்பான்மை வேறு மாதிரி நினைத்தால் அப்படியே தீர்மானம் போடுவோம்.

கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று மட்டும் கூட்டமைப்பு அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டில் குக்கர் பிரியாணிக்கும் தந்தூரிக்கும்கூட அது உதவும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். ஒரு வாரத்தில் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துடணும்.

சந்தேகம் இருக்கிறவங்க இப்போ கேளுங்க.