தாளத்தில் விடிந்த இரவு

நம் ஊர்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடியக் கூத்து நடப்பதுண்டு. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு நான்கு வீதியையும் சுற்றி வருவார். தேரடியில் உறங்கும் குழந்தைகளைத் தவில் எழுப்பிவிடும். ஆகையால் இசைக்காகக் கண் விழிப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஒரு பழைய பண்டகசாலைக்குள் நுழைந்து, முன்பின் அறியாத ஆயிரம் பேரோடு இருட்டில் நின்று, பெரும்பாலும் தாளத்தை மட்டுமே ஐந்து மணி நேரம் கேட்டுவிட்டு வந்தேன் என்று நான் சொன்னால் நேயர்கள் என்ன நினைப்பீர்கள்? "இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்றுதான் நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இங்கிலாந்தின் மேற்கே, ஏவன் நதிக்கரையில் உள்ள பிரிஸ்டல் நகரில் நான் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே வீட்டில் மூவர் குடியிருந்தனர். ஒருவர் மருத்துவமனைத் தாதி. மற்றொருவர் என்னுடன் படித்த இளைஞர். மூன்றாமவர் தச்சுத் தொழில் செய்பவர். அவருடைய பாட்டனார் ஜமெய்க்காத் தீவிலிருந்து வந்து குடியேறியவர். இந்த மூவரும் கேட்டு மகிழும் இசைக்கு 'டிரம் அண்ட் பேஸ்' என்று பெயர். டிரம் என்பது முரசு. பேஸ் என்பது நாம் மந்தர ஸ்தாயி என்கிறோமே, அதற்கும் கீழே உறுமும் ஒலி.

நான் என் தாய்மாமனிடம் பதினொரு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவன். ஆகவே தாளம் என்றால் இன்னது என்று எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு உண்டு. சுவருக்கு அப்பால் அந்த இசை ஒலிக்கும்போதெல்லாம், "வேலை முடிந்து வந்த பிறகுமா ஆணி அடிக்கிறீர்?" என்று தச்சரைக் கேலி செய்வேன். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "சுவர் வழியாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. சனிக்கிழமை எங்களுடன் வாருங்கள்" என்றார். மறுக்க முடியவில்லை.

அன்று எலும்பை ஊடுருவும் குளிர். பண்டகசாலையின் வாயிலில் நீண்ட வரிசை. காவலர்கள் எங்கள் பைகளைச் சோதித்தார்கள். புறங்கையில் ஒரு முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். நுழையுமுன் தாதி தம் பையிலிருந்து பஞ்சு போன்ற சிறு அடைப்பான்களை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். காதில் வைத்துக்கொள்வதற்காம்! மற்ற இருவரும் மறுபேச்சின்றி வைத்துக்கொண்டனர். நான் வாங்கவில்லை. "தவிலுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவன் நான். எனக்கு இது எதற்கு?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தம் பையிலேயே போட்டுக்கொண்டார். இந்தச் சிறு நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே சென்றதும் முதலில் அந்த இசையைக் கேட்டது என் காது அன்று, என் மார்பு. ஆள் உயரத்திற்கு அடுக்கிய ஒலிபெருக்கிகளிலிருந்து வந்த மந்தர ஒலியில் சட்டைப் பொத்தான்கள் அதிர்ந்தன. மேலே முரசொலி, மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் பெய்யும் மழையைப்போலப் பொழிந்தது. என் பழக்கப்படி தொடையில் தாளம் போட முயன்றேன். ஒரு நிமிடத்திற்கு 174 எண்ணிக்கை என்பது அந்த இசையின் வழக்கமான வேகம்; ஏறத்தாழ ஒரு விநாடிக்கு மூன்று. என் கை தடுமாறிற்று. பதினொரு ஆண்டுப் பயிற்சி அந்த இருட்டில் பதினொரு நிமிடம் தாக்குப்பிடிக்கவில்லை.

தச்சர் என் திண்டாட்டத்தைக் கண்டுகொண்டார். தோளைத் தொட்டு, தம் காலைக் காட்டினார். என்ன ஆச்சரியம்! அவர் சாவதானமாக, அந்த வேகத்தில் சரிபாதியில், நிமிடத்திற்கு 87 என்ற கணக்கில் அசைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மேலே முரசு மேற்காலத்தில் ஓடுகிறது. கீழே பேஸ் கீழ்க்காலத்தில் நடக்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தத்தில் இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் என்னும் சிறு முரசின் அடி விழுகிறது. பெரிய முரசு முதல் எண்ணிக்கையில் விழுகிறது. ஆனால் மூன்றாவதில் விழ வேண்டியது அரை எண்ணிக்கை தள்ளி விழுகிறது. அந்தத் தள்ளலில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அரையிடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். "கை சௌக்கத்தில் நிற்கட்டும், விரல் எத்தனை காலம் வேண்டுமானாலும் போகட்டும்" என்று மாமா எனக்குச் சொன்ன பாடத்தை, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தச்சர் தம் காலால் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. மேடையில் ஒருவர் இரண்டு மூன்று இசைத்தட்டுக் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதே காலப்பிரமாணத்தில் ஒட்டிவிடுகிறார். பக்கத்தில் எம்.ஸி. என்ற ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நம் கொன்னக்கோலைப்போல் வேகமாகச் சொற்களைக் கோத்து அடுக்குகிறார். ஒரு கட்டத்தில் சபையோர் கைகளை உயர்த்திக் கூச்சலிட்டனர். உடனே மேடையிலிருந்தவர் தட்டை நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினார். இதற்கு 'ரீவைண்ட்' என்று பெயர். அந்த நாளில் நம் நாடகக் கொட்டகைகளில் "ஒன்ஸ் மோர்" கேட்டு ராஜபார்ட்டை மறுபடியும் பாடவைத்தார்களே, அதுவே இது!

இந்த வழக்கம் ஜமெய்க்காவிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலில் வந்தவர்களும், அவர்களுக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும், பெரிய ஒலிபெருக்கிகளை அமைத்து ஆடும் தங்கள் தெருப்பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஆங்கிலேய இளைஞர்களும் கூடி 1990களின் தொடக்கத்தில் 'ஜங்கிள்' என்ற இசையை உண்டாக்கினர். அதன் வளர்ச்சியே டிரம் அண்ட் பேஸ். பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸ் என்பவரும் அவருடைய ரெப்ரசென்ட் குழுவினரும் 1997இல் பிரிட்டனின் மெர்க்குரிப் பரிசைப் பெற்றனர். அந்நாட்டு அரசாங்கம் இத்தகைய கூட்டங்களை எப்போதும் அன்போடு பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இரவில் திறந்த வெளியில் கூடும் இத்தகைய கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல் துறையினருக்கு அளித்தது. திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளே முக்கியமாக அமைந்த ஒலியும் இசையில் அடங்கும் என்று அதில் விளக்கமும் தந்தார்கள். அச்சட்டம் நம் நாட்டில் இருந்தால் தவில்காரர்களின் கதி என்ன ஆகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தோம். தெரு நிசப்தமாக இருந்தது. என் காது நிசப்தமாக இல்லை. ஓயாத சில்வண்டின் ஒலி. ஒரு வண்டிக்கடையில் தேநீர் வாங்கிக் குடிக்கும்போது நண்பர்கள் பேசியது, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று எண்ணினேன். ஆகவில்லை. மறுநாள் மிருதங்கத்தை எடுத்துச் சுருதி கூட்ட உட்கார்ந்தேன். வலந்தலையின் நாதம் எனக்குப் பிடிபடவில்லை. சுருதிப் பெட்டியின் ஒலிக்கும் என் காதிலுள்ள ரீங்காரத்திற்கும் நடுவே அது எங்கேயோ தொலைந்து போயிற்று. அன்று நான் அடைந்த பயத்தை இன்று நினைத்தாலும் கை சில்லிடுகிறது. பதினொரு ஆண்டுப் பயிற்சியை ஓர் இரவின் கர்வத்திற்கு விலையாகக் கொடுத்துவிட்டேனோ?

தாதி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கணக்கு மட்டும் சொன்னார். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு மூன்று டெசிபெல் ஏற்றத்திற்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல் ஆகும்போது பதினைந்தே நிமிடம். நான் நின்றதோ ஒலிபெருக்கிக்கு எதிரே, மணிக்கணக்கில். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் செத்துவிட்டால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. நான்காம் நாள் சுருதி திரும்பக் கிடைத்தது. ஆனால் இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் போகவேயில்லை. இன்றும் ஊர் அடங்கிய பிறகு அதைக் கேட்கிறேன். அந்த இரவுக்காக நான் வருந்தவில்லை. வாங்க மறுத்த அந்தச் சிறு பஞ்சுக்காக வருந்துகிறேன்.

தேநீர்க் கடையில் தச்சர் சொன்ன ஒரு செய்தியையும் சொல்லி முடிக்கிறேன். அன்றிரவு முழுவதும் நாங்கள் கேட்ட முரசொலியில் பெரும்பகுதி ஒரே மனிதரின் கைவேலையாம். அமெரிக்காவில் வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, முரசுக்காரர் மட்டும் நான்கு ஆவர்த்தம், சுமார் ஆறேழு விநாடி தனியாக வாசிக்கிறார். அந்தத் துணுக்கைப் பிற்காலத்தவர் எடுத்து, வேகத்தை முடுக்கி, துண்டு துண்டாக வெட்டி, வரிசை மாற்றி, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அமைத்தனர். ஜங்கிளும் டிரம் அண்ட் பேஸும் எழுந்தது அந்த அஸ்திவாரத்தின்மேல்தான். ஆனால் வாசித்தவருக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையில் அவர் இறந்தார். 2015இல் பிரிட்டனின் ரசிகர்கள் நன்கொடை திரட்டிச் சுமார் 24,000 பவுன் அனுப்பினார்கள். அதைப் பெற்றுக்கொள்ளக் குழுவின் தலைவர்தாம் உயிரோடு இருந்தார்.

சில நாட்களுக்குப் பின் மாமாவிடம் தொலைபேசியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். காதைப் பற்றிச் சொன்னதும் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்த ஆறு விநாடியைப் போட்டுக் காட்டடா" என்றார். போட்டேன். "இன்னொரு தரம்" என்றார். மூன்று முறை கேட்டார். கல்யாணப் பத்திரிகைகளில் 'பக்கவாத்தியத்துடன்' என்ற ஒரு சொல்லுக்குள் நாற்பது ஆண்டு மறைந்து வாசித்தவர் அவர்.

"கை சுத்தமாக இருக்கிறது. பிள்ளையாண்டான் பேர் என்ன?" என்று கேட்டார்.

அன்றிரவு ஆயிரம் பேர் அந்த அடிக்கு ஆடினோம். தச்சர் சொல்லியிராவிட்டால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க மாட்டேன். நேயர்களும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்: அவர் பெயர் கிரெகரி கோல்மன்.