ஹெட்போனுக்கேற்ற ஆம்ப்ளிஃபயர்

அயலார் உறக்கத்தைக் கெடுக்காமல் இரவில் சங்கீதம் கேட்பதற்கு ஹெட்போனைப் போல் உதவும் சாதனம் வேறில்லை. மும்பையின் மாட்டுங்காவிலும், டில்லியின் கரோல் பாகிலும், பெங்களூரின் வாடகைக் குடியிருப்புகளிலும் அண்டை வீட்டாருடன் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். அண்மைக் காலத்தில் சங்கீத அன்பர்கள் பலர் 'பிளேனர் மாக்னெடிக்' என்னும் வகை ஹெட்போனை நாடுகின்றனர். பெரும்பணம் கொடுத்து வாங்கிய பின், மிருதங்கத்தின் முழக்கம் எடுபடவில்லையே என்று வருந்துவோரும் உண்டு. பல சமயம் குறை ஹெட்போனில் இருப்பதில்லை. அதற்கு ஊட்டப்படும் மின்சக்தியில்தான் இருக்கிறது. எவ்வளவு சக்தி வேண்டும், அதை எவ்வாறு கணிப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

சாதாரண ஹெட்போனில் சவ்வின் பின்புறம் ஒரு சிறு கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். காந்தத்தின் குறுகிய இடுக்கில் சுருள் அசைய, சவ்வும் உடன் அசைந்து ஒலி எழுப்புகிறது. பிளேனர் வகையில் தனிச் சுருள் கிடையாது. மிக மெல்லிய சவ்வின் பரப்பெங்கும் மின்கடத்தும் தடங்கள் வளைந்து வளைந்து பதிக்கப்பட்டிருக்கும். அருகே காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் பாயும்போது சவ்வு ஏறக்குறைய முழுவதும் ஒருசேர அசைகிறது. ஜப்பானின் யமஹா கம்பெனி 1976-ஆம் ஆண்டிலேயே 'ஆர்த்தோடைனமிக்' என்ற பெயரில் இவ்வகை ஹெட்போனை விற்றது. அடிநாதம் திரிபின்றி ஒலிப்பது இவ்வமைப்பின் சிறப்பு. ஆனால் காந்தசக்தி அகன்ற பரப்பில் பரவி நிற்பதால், சவ்வை அசைக்க மிகுந்த மின்சாரம் தேவைப்படலாம். எல்லாப் பிளேனர்களும் இப்படியல்ல. சிறிதளவு சக்தியிலேயே நன்கு ஒலிப்பனவும் இன்று கிடைக்கின்றன.

எது பசி மிகுந்தது என்று எப்படி அறிவது? ஓம் எண் பெரிதாயின் பசியும் பெரிது என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2003-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 650 சுருள் வகையைச் சேர்ந்தது. அதன் மின்தடை 300 ஓம். 2010-ஐ ஒட்டி வெளிவந்த ஹைஃபைமேன் எச்.ஈ.-6 பிளேனர் வகை. அதன் மின்தடை 50 ஓம் மட்டுமே. எனினும் இரண்டாவதுதான் யானைப் பசி கொண்டது. காரணம், அதன் உணர்திறன். ஒரு மில்லிவாட் சக்தி கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே உணர்திறன். சென்ஹைசரில் சுமார் 98 டெசிபல் எழுகிறது, ஹைஃபைமேனில் 83.5 டெசிபல்தான் எழுகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நாம் சராசரி 80 டெசிபலில் கேட்பதாகக் கொள்வோம். மிருதங்கத்திலோ தவிலிலோ விழும் ஓர் அடி, அந்தச் சராசரிக்கு மேல் 20 டெசிபல் எழக்கூடும். ஆகவே கணநேரம் 100 டெசிபலைத் தாங்கும் சக்தி வேண்டும். 10 டெசிபல் உயர்வுக்குப் பத்து மடங்கு சக்தி தேவை என்பது விதி. இதன்படி சென்ஹைசருக்கு வேண்டுவது 2 மில்லிவாட்டுக்கும் குறைவு. ஹைஃபைமேனுக்கோ சுமார் 45 மில்லிவாட். இது சுமார் 28 மடங்கு.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நினைத்துக் கொள்வோம். தொட்டியின் உயரம் வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு ஆம்பியர். சென்ஹைசருக்கு 0.7 வோல்ட் அழுத்தமும் 2.3 மில்லி ஆம்பியர் ஓட்டமும் போதும். ஹைஃபைமேனுக்கு 1.5 வோல்ட்டும் 30 மில்லி ஆம்பியரும் வேண்டும். அழுத்தம் இரு மடங்குதான். ஓட்டமோ பன்னிரண்டு மடங்குக்கு மேல். கைப்பேசியில் செருகும் சிறு இணைப்பான் ஒன்று 1 வோல்ட் தருமாயின் முதலாவதற்குப் போதும். இரண்டாவதற்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒலி வராமல் போகாது. ஆலாபனை இனிமையாகவே கேட்கும். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் அடியின் உச்சி வெட்டுண்டு, முழக்கம் மழுங்கிவிடும்.

ஆம்ப்ளிஃபயரின் விவரத் தாளில் '32 ஓமில் 100 மில்லிவாட்' என்று கண்டால், அதன் அழுத்தம் சுமார் 1.8 வோல்ட் என்று கொள்ளலாம். 50 ஓமில் அது 64 மில்லிவாட் அளவே தரும். மேற்சொன்ன தேவைக்கு இது மட்டாகப் போதும். சில பதிவுகளில் உச்சம் இன்னும் மேலே எழும் என்பதால், 10 டெசிபல் கூடுதலாக வைத்துக்கொள்வது நலம். அதற்கு 450 மில்லிவாட் வேண்டும். '32 ஓமில் 1 வாட்' தரும் சாதனம் 50 ஓமில் 600 மில்லிவாட்டுக்கு மேல் தரக்கூடும், அது தாராளம். அதற்கு மேலும் சக்தியை நாடிப் பணம் செலவிடுவதில் பிரயோஜனம் இல்லை. தேவை நிறைந்த பின் எஞ்சிய சக்தி இசையின் இனிமையைக் கூட்டுவதில்லை.

ஆம்ப்ளிஃபயரின் உட்தடையையும் கவனிக்க வேண்டும். சுருள் வகையின் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறுவதால், உட்தடை மிகுந்தால் நாதத்தின் தன்மையே மாறும். பிளேனரின் மின்தடை எல்லாச் சுரங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நாதம் மாறாது. ஆயினும் அழுத்தம் வீணாகும். உட்தடையும் 50 ஓமாயின் பாதி வோல்ட் உள்ளேயே தங்கிவிடும்.

ஒலிபெருக்கிக்கான பெரிய ஆம்ப்ளிஃபயரில் எச்.ஈ.-6-ஐ இணைத்துக் கேட்போரும் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சிலவகை ஆம்ப்ளிஃபயர்களில் இரு முனைகளிலும் மின்சாரம் ஓடும். சாதாரண மூன்று வளையப் பிளக் இடப்பக்க, வலப்பக்க எதிர்முனைகளை ஒன்றாய் இணைத்துவிடும். அதனால் சாதனம் பழுதாகலாம். ஒலி அளவைத் தவறுதலாக உயர்த்திவிட்டால் சவ்வுக்கும் கேடு, செவிக்கும் கேடு.

செவியைப் பற்றிய எச்சரிக்கையே அனைத்திலும் முக்கியமானது. பெரியவர்கள் வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபலில் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 4 மணி நேரமே அடங்கும். பளுதூக்கும் ஆம்ப்ளிஃபயர் திரிபின்றி ஒலிப்பதால், ஒலி ஏறியது நமக்குத் தெரியாமலே போகலாம். வலிமை மிருதங்கத்தின் ஒரு கண அடிக்காகத்தான். இரவெல்லாம் உரக்கக் கேட்பதற்காக அன்று.

ஆகவே, அன்பர்களே, கடைக்குப் போகுமுன் மூன்று எண்களைக் குறித்துக் கொள்வோம்: ஹெட்போனின் உணர்திறன், அதன் ஓம், அந்த ஓமில் ஆம்ப்ளிஃபயர் தரும் மில்லிவாட். இந்த மூன்றும் பொருந்தினால் விலையுயர்ந்த சாதனத்தை நாடவேண்டிய அவசியம் இராது. மீதமாகும் பணம் ஊருக்கு ஒருமுறை போய்வரவோ, ஒரு கச்சேரியை நேரில் கேட்கவோ உதவும்.