போய்த் திரும்புகிறவரின் பணிக்காலம்



மாறிவரும் வேலைச் சூழலில் தொழிலாளரை எப்படி நிலைக்கச் செய்வது என்று பேச, திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்கே பனியன் கம்பெனி வாசல்தோறும் ‘ஆட்கள் தேவை’ பலகை தொங்குகிறது. டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி என எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும். வந்தவர் நிற்பதில்லை என்பது உரிமையாளர்களின் குறை. நான் கேட்பது வேறு: போனவர் திரும்பி வந்தால் அவரைப் பழைய ஆளாக எண்ணுகிறோமா?

முதலில், ஆள் ஏன் போகிறார் என்று பார்ப்போம். 1913-இல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கார் ஆலைக்கு நகரும் அசெம்பிளி லைன் வந்தது. முழு வேலை தெரிந்தவர் கையில் ஒரே ஓர் அசைவுதான் மிஞ்சியது. அந்த ஆண்டில் ஆள் வெளியேற்றம் 370 சதவீதத்தைத் தொட்டது. மறு ஜனவரியில் நாள் கூலி 5 டாலராக உயர்ந்தது, வேலை நேரம் 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைந்தது, ஆட்கள் நின்றார்கள். நம் கம்பெனிகளிலும் இன்று லைன் முறை பரவிவிட்டது. முழு ஆடையையும் பீஸ் ரேட்டில் தைத்தவர் இப்போது நாள் முழுக்கக் கழுத்துப்பட்டி மட்டுமே தைக்கிறார். வேலையை இப்படிச் சுருக்கிவிட்டு, அவருக்குப் பற்று இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

நிற்க வைக்க நாம் முன்பு கண்ட வழியும் உண்டு. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களின் ஊதியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாகத் தருவோம் என்றார்கள். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவருக்கு அந்தப் பணம் கைக்கு வராமலே போனதுண்டு. அது கட்டிவைத்தல். அந்த வழி எந்தப் புதுப் பெயரில் வந்தாலும் இந்த அவை ஏற்கக் கூடாது.

திருப்பூரின் தொழிலாளர் போய்த் திரும்புகிறவர்கள். தீபாவளிக்கு மதுரைப் பக்கம் போகிறவரும் உண்டு, சட் பூஜைக்குப் பீகார் போகிறவரும் உண்டு. 2020 ஊரடங்கில் சிறப்பு ரயில்களில் போனவர்களைப் பஸ் வைத்து அழைத்துவந்த கம்பெனிகள் உண்டு. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அச்சத்தில் மூட்டை கட்டியவர்களிடம் இந்தியில் பேசி நம்பிக்கை தந்தார்கள் அதிகாரிகள். ஆள் போகும் நாளில் இவ்வளவு பதறுகிறோம். திரும்பி வந்ததும் புது ஆளுக்கான கூலியில் உட்கார வைக்கிறோம்.

இந்த நிலைக்கு ஒரு பின்கதை உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதன் பிறகு வேலை சிறு சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளாகப் பிரிந்தது. பத்தாண்டு தைத்தவரும் ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு காட்ட முடியாது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமோ அந்த ஐந்தாண்டைக் கேட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் ஒப்பந்தம் என்ற காகிதத்தையே பார்க்காதவர் நம்மிடையே ஏராளம்.

வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் யூ.ஏ.என். என்ற ஒரே கணக்கு எண் இருக்கிறது, கம்பெனி மாறினாலும் அது கூடவே வருகிறது. கைத்திறனுக்கும் அனுபவத்துக்கும் அப்படி ஓர் எண் ஏன் இல்லை? உரிமையாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஊருக்கு ஒரு பொதுப் பணிப்பதிவேடு வைக்கலாம். ஓவர்லாக் எத்தனை ஆண்டு, ஃப்ளாட்லாக் எத்தனை ஆண்டு, கடைசிக் கூலி என்ன என்பது அதில் இருக்கட்டும். எந்த யூனிட்டில் சேர்ந்தாலும் அந்தக் கூலியிலிருந்து தொடங்கட்டும். தொழிலாளியின் சம்மதமின்றி அதை யாரும் பார்க்கக் கூடாது. சங்கத்தில் சேர்ந்தவரை ஒதுக்கும் கறுப்புப் பட்டியலாக அது மாறிவிடவும் கூடாது.

அந்தப் பதிவேட்டை யார் பொறுப்பில் வைப்பது, பீஸ் ரேட் ஆட்களை எப்படிக் கணக்கிடுவது என்ற இரண்டையும் முதல் அமர்விலேயே எடுத்துக்கொள்ளுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.