தப்பும் அழைப்பும்

பொழுது புலருமுன் மஸ்கெலியாத் தோட்டங்களில் முன்னாளில் முதலிற் பேசியது தப்பு. அதன் ஒலி கேட்டே தொழிலாளர் பிரட்டுக்களம் சேர்ந்தனர். மாசியிற் காமன் கூத்துக்கும் அதுவே உயிர். இழவு வீட்டிலும் அதுவே முழங்கிற்று. ஆயினும், அடித்த கலைஞனுக்குச் சாதி இழிவே மிஞ்சிற்று.

ஒலிபெருக்கியும் பாண்டு வாத்தியமும் வந்தபின் தப்புக்கு அழைப்புக் குறைந்தது. இளைஞர் பலர் அதனைக் கைவிட்டனர். இழிவைத் துறக்க விழைந்த அவர்களைக் குறைகூறல் முறையன்று. வேறு சிலரோ இழவு வீட்டுக் கட்டாயத்தை விடுத்து, கலைவிழா மேடையில் அதே தப்பை முழக்குகின்றனர்.

தமிழகத்திலும் இம்மாற்றம் நிகழ்கின்றது. தப்பின் உடன்பிறப்பான பறையை முழக்கும் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கருவி பழையது, அழைக்கும் முறை புதியது. நேயர்களே, நம் ஊர்த் திருவிழாவிலும் கலைஞனுக்கு உரிய ஊதியமும் சமமான இருக்கையும் அளிப்போமாயின், தப்பு வாழும்.