ஹூக்ளிக் கரையில் சதுரங்கம்

2024 டிசம்பரில், சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாம் வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்கள் இன்று எண்பதின்மரைக் கடந்துவிட்டனர். அவர்களுள் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டினர். இதனைக் காணும் ஹவுராவாழ் தமிழ்ப் பெற்றோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. ஆட்டத்தில் நாட்டமுள்ள குழந்தையைச் சென்னைக்கே அனுப்பிவிட வேண்டுமா? விடை காணுமுன் நாம் வாழும் இவ்வூரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1848-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த காக்ரேன் என்னும் ஆங்கிலேயர், நாட்டுப்புறத்தில் எவரிடமும் தோற்றறியாத ஓர் ஆட்டக்காரர் இருப்பதாகக் கேள்வியுற்றார். தேடிச் சென்று அவரை வென்றார். வென்றதோடு நில்லாமல், அவரை நகரத்திற்கே அழைத்து வந்தார். அவரே மகேஷ் சந்திர பந்தோபாத்யாயர். இருவரும் பல நூறு ஆட்டங்கள் ஆடினர். மகேஷர் கையாண்ட தற்காப்பு முறைகளை ஒட்டியே 'இந்தியத் தற்காப்பு' என்னும் பெயர் உலகில் வழங்கலாயிற்று. திறமை சிற்றூரில் இருந்தது. அதனைத் துலங்கச் செய்தது தக்க எதிராளியின் துணை.

நம் காலத்திலும் உண்மை இதுவே. 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன், 1972-இல் சென்னையின் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் 'தால் சதுரங்கக் கழகம்' அமையக் காரணமாயிருந்தார். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கொல்கத்தாவின் கோர்க்கி சதனிலும் அவ்வாறே 'அலேகின் கழகம்' தோன்றிற்று. 1982-இல் இலண்டனில் கோர்ச்னாயைத் தோற்கடித்த இந்நகரத்துத் திப்யேந்து பருவா, 1991-இல் நாட்டின் இரண்டாம் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் சூரிய சேகர கங்குலி 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்றார்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்குவது 1924-இல் பாரிஸில் நிறுவப்பெற்ற ஃபிடே என்னும் உலகச் சம்மேளனம். இந்தியாவில் 1951-இல் தோன்றிய அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனமும், அதன்கீழ் மாநிலச் சங்கங்களும் செயலாற்றுகின்றன. கிராண்ட்மாஸ்டராக 2500 தரப்புள்ளியை எட்டுதல் வேண்டும். அதனோடு 'நார்ம்' எனப்படும் தகுதிகளைப் பல நாட்டு ஆட்டக்காரரோடு ஆடிப் பெறுதலும் வேண்டும். அந்நாளில் இதற்கெனக் கடல் கடந்து செல்லும் செலவு நடுத்தரக் குடும்பங்களால் தாங்கவொண்ணாததாயிருந்தது. 1990-களில் குட்ரிக் என்னும் தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் கொல்கத்தாவிலேயே சர்வதேசப் பந்தயங்கள் நடந்தமை அச்சுமையைக் குறைத்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வூர்ச் சதுரங்கத்தில் ஒரு வியப்பு உண்டு. பலகையின் மூலையில் நிற்கும் நம் யானையை வங்காளியர் 'நௌகா', அஃதாவது படகு, என்கின்றனர். அவர்தம் யானை நம் மந்திரியின் இடத்தில் நிற்கின்றது. அவர்தம் மந்திரியோ நம் ராணியின் இடத்தில்! பெயர்கள் இடம் மாறினும் காய்கள் செல்லும் வழி ஒன்றே. அண்டை வீட்டு வங்காளச் சிறுவனோடு ஆடும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு வாரத்தில் இருமொழிப் பெயர்களும் பழகிவிடும்.

பயிலும் குழந்தைகள் அனைவரும் கிராண்ட்மாஸ்டர் ஆவதில்லை. மிகச் சிலரே ஆகின்றனர். அதன்பொருட்டு இளம் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்தும் பள்ளியிலிருந்தும் பிரித்தல் எளிதிற் செய்யத்தக்கதன்று. ஆகவே, அன்பர்களே, சென்னை மெயிலுக்குப் பயணச்சீட்டு வாங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் கையைப் பற்றி ஹவுராப் பாலத்தைக் கடந்து செல்லுங்கள். தன்னினும் வல்ல ஓர் எதிராளி அக்கரையிலேயே அதற்குக் கிடைக்கக்கூடும்.