வரத்தும் கிராக்கியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



ஒரு பொருளுக்கு விலை எப்படி வருகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனால் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம் இது. பாடப் புத்தகத்தில் அளிப்பு, தேவை என்று போட்டிருக்கும். நாம் வரத்து, கிராக்கி என்று சொல்கிறோம். வரத்து குறைந்தாலோ கிராக்கி கூடினாலோ விலை ஏறும். வரத்து கூடினாலோ கிராக்கி குறைந்தாலோ இறங்கும்.

புரட்டாசி மாசத்தைப் பாருங்க. பண்ணையில் கோழி எப்போதும் போலத்தான் வளருது. ஆனால் நிறைய வீட்டில் கறி எடுக்க மாட்டாங்க. கோழி விலை இறங்கிடும். தீபாவளி வந்தால் மறுபடி ஏறும். இது கிராக்கி செய்கிற வேலை.

தக்காளியை ஆட்டி வைப்பது வரத்து. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. நாமும் குழம்பில் தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டினோம். புது வரத்து வந்ததும் செப்டம்பரில் விலை சரிந்துபோனது. நாற்று விட்டு, நட்டு, காய் பறிக்க ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். விலை ஏறினதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால், எல்லார் கூடையும் ஒரே நேரத்தில்தானே சந்தைக்கு வரும்? அதனால் இன்றைக்கு இருக்கும் விலையை நம்பி மட்டும் ஒரு வேலையில் இறங்கக் கூடாது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நாம் தொழிலில் இறங்குவது கடன் வாங்கி. ஒருத்தி ஜாக்கெட் தைத்து நாலு காசு பார்த்தால், அடுத்த கூட்டத்திலேயே பத்துப் பேர் தையல் மெஷினுக்குக் கடன் கேட்கிறோம். ஊரில் தைக்கக் கொடுக்கிறவங்க கூடவில்லையே! இருக்கிற துணிதான் பத்து மெஷினுக்கும் பிரியும். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கூலியைக் குறைப்போம். கூலி இறங்கும், தவணை இறங்காது. ஒருத்தி கட்டாவிட்டால் குழு மொத்தமும் பதில் சொல்லணும்.

ஆகவே ஒவ்வொரு கடனுக்கும் தீர்மானம் எழுதும்போது மூணு கேள்வி கேட்போம். இதே தொழிலை ஊரில் எத்தனை பேர் செய்யறாங்க? யார் வாங்குவாங்க? நம்ம சரக்கு எந்த மாசம் சந்தைக்கு வரும்? பத்துப் பேரும் ஜாக்கெட்டே தைக்காமல், ஒருத்தி ஸ்கூல் யூனிபார்ம், ஒருத்தி நைட்டி, ஒருத்தி ஆரி வேலை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தக்காளி காத்திருக்காது, புளி காத்திருக்கும். மாசி, பங்குனியில் புளி வந்து குவியும்போது கைச்செலவுக்குப் பணமில்லாதவங்க கிடைத்த விலைக்குக் கொடுத்துடறாங்க. அந்த நேரத்தில் குழுவில் ஒரு சின்னக் கடன் கிடைத்தால், கொட்டை எடுத்துக் காயவைத்து, வரத்து குறைந்த பிறகு விற்கலாம். விலை ஏறியே தீரும் என்று நான் சொல்லவில்லை. அதனால் பாதியை விற்று, பாதியை வைத்துக்கொள்வது நல்லது.

விலையை நம்மால் நிறுத்தி வைக்க முடியாது. எதை, எப்போ, எத்தனை பேர் விற்பது என்று கூடிப் பேசி முடிவு செய்ய நமக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது.